குறட்டை நின்றுபோகும் அந்த இருபது விநாடி

கேள்வி: என் கணவருக்கு வயது 52. திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டுகிறார். உயரம் ஐந்தரை அடி, எடை 84 கிலோ. பிபிக்கு இரண்டு மாத்திரை போடுகிறார், ஆனாலும் 150க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்தே குறட்டை உண்டு. இரண்டு வருடமாகத்தான் பயமாக இருக்கிறது. சத்தம் திடீரென்று நின்றுவிடும். மார்பில் கை வைத்துப் பார்ப்பேன். மார்பு ஏறி இறங்கும், ஆனால் மூச்சுக் காற்று வராது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். இருபது, சில நாள் முப்பதுகூட வந்துவிடும். அப்புறம் பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். ராத்திரி மூன்று தடவை யூரின் போக எழுந்திருக்கிறார். சுகர் இல்லை. காலையில் தலைவலி. மத்தியானம் மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து தூங்கிவிடுகிறாராம். போன மாதம் ட்ரிப் முடித்துக் காலி வண்டியோடு திரும்பும்போது, வண்டி தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிய பிறகுதான் விழித்தேன் என்று அவரே சொன்னார். எங்கள் டாக்டர், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஸ்லீப் டெஸ்ட் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் வர மறுக்கிறார். "தலை முழுக்க ஒயர் மாட்டுவான், ஷாக் வைப்பான், அங்கே எப்படித் தூக்கம் வரும், பணம்தான் தண்டம்" என்கிறார். வியாதி என்று எழுத்தில் வந்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. ஆயுசுக்கும் மாஸ்க் மாட்டித்தான் தூங்க வேண்டும் என்று யாரோ வேறு சொல்லிவிட்டார்கள். டெஸ்ட் அவசியம்தானா? அன்று நானும் கூட இருக்கலாமா?

(நாமக்கல் மாவட்ட வாசகி ஒருவர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டெஸ்ட் அவசியம்தான். அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. டெஸ்ட் முடிந்து, சிகிச்சை தொடங்கி, பகல் தூக்கம் அடங்கும்வரை அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டக் கூடாது. லீவு போடட்டும். லீவு கிடைக்காவிட்டால், ஓட்டாத வேலை எதையாவது சில வாரம் தரச் சொல்லிக் கேட்கட்டும். வண்டி மண்ணில் இறங்கிய அன்று அது காலியாக இருந்தது. எதிரிலும் யாரும் வரவில்லை போலிருக்கிறது. அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. டீ குடித்தால், முகம் கழுவினால், பாட்டுப் போட்டால் சமாளித்துவிடலாம் என்பார். இவற்றால் சிறிது நேரம் தெளிவு வரும். அது போனதும் தூக்கம் சொல்லாமல் வந்துவிடும். ஸ்டியரிங் முன்னால் கண் அசருவதற்கு இரண்டு மூன்று விநாடி போதும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த மூன்று விநாடிக்குள் வண்டி ஐம்பது மீட்டர் போயிருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நம் ஊரில் குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். "படுத்ததும் குறட்டை விட ஆரம்பிச்சிட்டான், குடுத்து வெச்சவன்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். என் அப்பாவைப் பற்றியும் அப்படித்தான் சொல்வோம். நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். மத்தியான வேளையில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிடுவார். பேரேட்டில் ஒரு எண்ணின் கடைசி வளைவிலிருந்து மைக்கோடு ஒன்று சரிந்து பக்கத்தின் விளிம்பு வரைக்கும் போயிருக்கும். மாதத்துக்கு நாலைந்து பக்கங்களிலாவது அந்தக் கோட்டைப் பார்க்கலாம். உழைத்த களைப்பு என்று நினைத்தோம். 61 வயதில் பக்கவாதம் வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்றதுதான் காரணம் என்று இன்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. உங்களைப் போல அம்மாவும் ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள். அதனால்தான் நானும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மார்பில் கை வைத்து நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்களே, நோயே அதுதான். ஸ்லீப் அப்னியா என்பார்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. மார்பு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் வரவில்லை. மூச்சு விடும் முயற்சி நிற்கவில்லை, வழி அடைபட்டிருக்கிறது. மேலண்ணத்துக்குப் பின்னாலிருந்து குரல்வளைக்கு மேல்வரை உள்ள தொண்டைப் பகுதியில், குழாயைத் திறந்தபடி பிடித்துக்கொள்ள எலும்பு வளையம் எதுவும் கிடையாது. தசைதான் பிடித்து நிறுத்துகிறது. தூங்கும்போது உடம்பில் உள்ள தசை எல்லாம் தளர்வதுபோல அதுவும் தளர்கிறது. கழுத்தில் கொழுப்பு சேர்ந்திருந்தால், நாக்கு பருத்திருந்தால், கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருந்தால் வழி ஏற்கெனவே குறுகலாக இருக்கும். இளநீர்க் கடையில் தரும் பேப்பர் ஸ்ட்ரா நனைந்து ஊறிய பிறகு உறிஞ்சிப் பாருங்கள். பலமாக உறிஞ்ச உறிஞ்ச இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டி அதிரும்போது வருவதுதான் குறட்டை. முழுக்க ஒட்டிவிட்டால் சத்தமே இருக்காது. அதனால்தான் குறட்டை நிற்கும்போது உங்களுக்குப் பயம் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது.

வழி அடைபட்டதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் அவரை அரைகுறையாக எழுப்புகிறது. தசை இறுகி, வழி திறந்து, உறுமலோடு மூச்சு வருகிறது. உடனே மறுபடி தூங்கிவிடுகிறார். சில விநாடியில் முடிந்துவிடும் இந்த விழிப்பு காலையில் அவருக்கு நினைவே இருக்காது. "எட்டு மணி நேரம் தூங்கினேனே" என்று அவர் சொல்வது பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மணிக்கு முப்பது தடவை இப்படி நடந்தால், ஆறு மணி நேரத்தில் 180 தடவை யாரோ தோளைத் தட்டி எழுப்பியதற்குச் சமம். அப்புறம் எப்படி மத்தியானம் கண் திறந்திருக்கும்?

யூரினுக்கு எழுந்திருப்பதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். இதை நிறையப் பேர் சுகர் என்றோ புராஸ்டேட் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். அடைபட்ட வழியோடு மார்பு இழுத்து இழுத்துப் பார்க்கும்போது, மார்புக்குள் வெற்றிடம்போல் ஒரு இழுவை உண்டாகி இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிப்போய்விட்டது என்று இதயம் தவறாக எடுத்துக்கொண்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய் உப்பையும் நீரையும் வெளியே தள்ளச் சொல்கிறது. காலைத் தலைவலிக்கும், இரண்டு மாத்திரைக்கும் அடங்காத பிபிக்கும் இந்த மூச்சடைப்பே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு அடைப்பின் முடிவிலும் பிபி எகிறுகிறது. ராத்திரியெல்லாம் அப்படி எகிறிப் பழகிய ரத்தக்குழாய் பகலிலும் தளர்வதில்லை. வருடக்கணக்கில் விட்டுவிட்டால் இதயத் துடிப்புத் தாளம் தவறுவதும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தச் சந்தேகத்தை எடை போட எங்களிடம் எட்டுக் கேள்விகள் உண்டு. பலத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, பிபி, மிகையான உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, தடித்த கழுத்து, ஆண் என்பது. ஒவ்வொரு "ஆம்" என்பதற்கும் ஒரு மதிப்பெண். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து அதிகம் என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் கடிதத்தை வைத்தே ஆறு எண்ணிவிட்டேன். அவர் எடை அந்தக் கேள்வி கேட்கும் அளவுக்கு இல்லை. கழுத்தளவு எனக்குத் தெரியாது. டெய்லர் டேப்பால் ஒருமுறை அளந்து, டாக்டரைப் பார்க்கப் போகும்போது சொல்லுங்கள். ஆண்களுக்கு 17 அங்குலத்தைத் தொட்டால் கணக்கில் சேரும். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம்மவர்களுக்கு இந்த நோய் வர அவ்வளவு குண்டாக இருக்க வேண்டியதே இல்லை. ஒல்லியாக, தாடை சிறுத்தவர்களுக்கும் கடுமையாக இருந்து பார்த்திருக்கிறேன்.

பகல் தூக்கத்தை அளக்கத் தனியாக ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் 1991இல் வெளியிட்டது. டிவி பார்க்கும்போது, யாரோடோ உட்கார்ந்து பேசும்போது, டிராஃபிக்கில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது என்று எட்டுச் சூழ்நிலைகளில் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கும். மொத்தம் 24 மதிப்பெண். பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். டிரைவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுப்பார்கள். அதே தாளை மனைவியிடம் தனியாகக் கொடுத்தால் பதினாலு, பதினாறு என்று வரும். நான் எப்போதும் இரண்டு தாள் கொடுக்கிறேன்.

இனி அவருடைய பயங்கள். இந்தப் பகுதியை அவரே படிக்கட்டும், அல்லது நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

ஷாக் எதுவும் கிடையாது. ஈசிஜி எடுத்திருப்பார், அதில் ஷாக் அடித்ததா? இதுவும் அதே மாதிரிதான். உடம்பில் ஓடும் மின்சாரத்தை ஒயர் படித்துக்கொள்ளும், உள்ளே எதையும் அனுப்பாது. ஊசியும் கிடையாது, மயக்க மருந்தும் கிடையாது.

ராத்திரி எட்டு, எட்டரைக்கு வரச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம். ஒரு கட்டில், ஒரு தலையணை, ஏசி உள்ள தனி அறை. டெக்னீஷியன் வந்து டேப் வைத்துத் தலையை அளப்பார். நெற்றியிலும் மண்டையிலும் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைப்பார். புள்ளி வைத்த இடத்தில் மணல் கலந்ததுபோல் நறநறவென்று இருக்கும் ஒரு ஜெல்லால் தோலைத் தேய்ப்பார். கொஞ்சம் சுரண்டுவதுபோல் இருக்கும், வலிக்காது. அப்புறம் சின்னக் கிண்ணம்போல் இருக்கும் தகட்டில் வெள்ளைப் பசையை நிரப்பி ஒட்டி, மேலே ஒரு துண்டு பஞ்சுத்துணி வைத்து அமுக்குவார். தலையில் சில, கண்ணோரம் இரண்டு, தாடையில் சில, காலில், நெஞ்சில். மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாதிரி ஒன்று மாட்டுவார்கள். அது ஆக்சிஜன் தருவதற்கு இல்லை, மூச்சுக் காற்றை அளப்பதற்கு. மார்பைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப். எல்லாம் முடிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும்.

எல்லா ஒயரும் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். யூரின் வந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். கூப்பிட்டால் டெக்னீஷியன் வந்து பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுப்பார் அல்லது கழுத்தில் மாட்டிவிடுவார். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்து போகலாம். திரும்பிப் படுக்கலாம், ஒருக்களிக்கலாம். அறையில் ஒரு கேமரா இருக்கும். இருட்டிலும் படம் பிடிக்கும். எந்தப் பக்கம் படுத்திருக்கும்போது மூச்சு நிற்கிறது, கை கால் எப்படி அசைகிறது என்று பார்ப்பதற்காக வைத்தது அது. மல்லாந்து படுக்கும்போதுதான் பெரும்பாலானவர்களுக்கு மோசமாகும்.

விளக்கை அணைக்கும் முன் பக்கத்து அறையிலிருந்து டெக்னீஷியன் மைக்கில் பேசுவார். "கண்ணை மட்டும் மேலே, கீழே பாருங்க. பல்லைக் கடிங்க. மூச்சைப் பிடிங்க. குறட்டை விடுற மாதிரி ஒரு சத்தம் குடுங்க." வயதான பெரியவர்கள்கூட அந்தக் கடைசிப் பேச்சில் சிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஒயரும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவும். அப்புறம் "தூங்குங்க" என்று சொல்லிவிடுவார்.

அங்கே தூக்கம் வராது என்பது அவர் மட்டும் சொல்வதில்லை. வருகிற அத்தனை பேரும் இதையேதான் சொல்கிறார்கள். காலையில் "பொட்டுத் தூக்கம் இல்லை டாக்டர், பணம் வேஸ்ட்" என்பார்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் நாலரை மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்கியிருப்பார்கள். புது இடத்தில் முதல் ராத்திரித் தூக்கம் சற்றுக் குறைவது நிஜம்தான். ஆனால் இந்த நோய் இருப்பவர்கள் ஏற்கெனவே தூக்கத்துக்கு ஏங்கிப்போய் இருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்குகிறவர் கட்டிலில் தூங்காமல் போகமாட்டார். வீட்டில்போல் எட்டு மணி நேரம் வேண்டும் என்பதும் இல்லை. சில மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே கடுமையான அடைப்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் திரையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். மூச்சுக் காற்றின் கோடு அலை அலையாக வந்துகொண்டே இருந்து, திடீரென்று மேஜைமேல் வைத்த நூல்போல் தட்டையாகிவிடும். அதற்குக் கீழே மார்புப் பட்டையின் கோடும் வயிற்றுப் பட்டையின் கோடும் அசைந்துகொண்டேதான் இருக்கும். அதிலும் மார்பு ஏறும்போது வயிறு இறங்கும், வயிறு ஏறும்போது மார்பு இறங்கும். பூட்டிய கதவைத் தள்ளுகிற மாதிரியான அசைவு அது. ஆக்சிஜன் கோடு உடனே விழாது. சற்றுப் பின்தங்கி மெல்லச் சரியும், 94, 90, 86 என்று. நடுராத்திரியில் அந்தத் திரைமுன் உட்கார்ந்திருக்கும்போது நானும் உங்களைப் போலவே மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். இத்தனை வருடம் ஆகியும் அது மாறவில்லை. அப்புறம் மூளையின் கோடு ஒரு குலுங்கு குலுங்கும், நாடி வேகமெடுக்கும், மூச்சுக்கோடு பெரிய அலையாக எழும்பும். ஒரு நிமிடம் கூட ஆகாது, மறுபடி நூல்.

மூச்சு பத்து விநாடி அல்லது அதற்கு மேல் கிட்டத்தட்ட முழுக்க நின்றால் அதை ஒரு தடவை என்று எண்ணுகிறோம். பாதி அடைத்து ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதுவும் சேரும். தூங்கிய நேரத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை என்று கிடைக்கும். ஐந்துக்குள் இருந்தால் இயல்பு. ஐந்து முதல் பதினைந்துவரை லேசானது, முப்பதுவரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. ராத்திரி முழுவதையும் முப்பது முப்பது விநாடித் துண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஆறு மணி நேரத்துக்கு 720 துண்டு. ரிப்போர்ட் மறுநாளே கைக்கு வராமல் சில நாள் ஆவது அதனால்தான்.

சிலருக்கு முதல் இரண்டு மணி நேரத்திலேயே அடைப்பு மிக அதிகமாகத் தெரிந்துவிடும். அப்போது அதே ராத்திரி மீதி நேரத்துக்குக் காற்று மாஸ்க் மாட்டி, எவ்வளவு அழுத்தத்தில் அடைப்பு விலகுகிறது என்று பார்ப்பார்கள். இந்த வசதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு ராத்திரியும் இன்னொரு செலவும் மிச்சமாகும். பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இந்த டெஸ்ட் எடுக்கிறார்கள். நெஞ்சகப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே எடுக்கும் சின்ன மெஷினும் இருக்கிறதே என்று கேட்கலாம். மூக்குக் குழாய், பட்டை, விரல் கிளிப் மட்டும் கொண்டது. இதய நோய், நுரையீரல் நோய் எதுவும் இல்லாமல், உங்கள் கணவரைப் போல அறிகுறி பளிச்சென்று இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் போதும். ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று அவர் ஒரேயடியாக நின்றுவிட்டால் டாக்டரிடம் அதையாவது கேளுங்கள், ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு ஆள் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பது தெரியாது. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுத்துவிடும், எண்ணிக்கை குறைவாகக் காட்டும். ஆகவே வீட்டு டெஸ்டில் "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் இவர் விஷயத்தில் நான் நம்பமாட்டேன், லேப் டெஸ்டுக்குத்தான் அனுப்புவேன். கையில் கட்டும் வாட்சும் மொபைல் ஆப்பும் இதற்கு ஈடாகாது. டெஸ்ட் எடுக்காமலே குறட்டைக்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன, அதையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயம்தான் இதில் கனமானது. மற்றதெல்லாம் அதை மறைக்கச் சொல்லும் சாக்காகக்கூட இருக்கலாம். குடும்பம் அந்தச் சம்பளத்தில் ஓடுகிறது, எனக்குப் புரிகிறது. நான் பார்த்தவரையில் சொல்கிறேன். சிகிச்சையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு மறுபடி ஓட்டப் போன டிரைவர்கள் நிறையப் பேர். மாஸ்க் போட்டுத் தூங்க ஆரம்பித்த சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குப் பகல் தூக்கம் அடங்கிவிடுகிறது. தூக்கம் அடங்கியதை உறுதி செய்து, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தரும் தாள் அவர் கையில் இருக்கலாம். அந்தத் தாளோடு நிர்வாகத்திடம் பேசுவதும், விபத்து நடந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனில் பேசுவதும் ஒன்றா?

மாஸ்க் பற்றியும் தப்பான பேச்சு நிறைய. அது ஆக்சிஜன் மெஷின் இல்லை. அறையில் இருக்கிற காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பும். அந்த அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும், ஒட்டவிடாது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் ஐந்து நோயாளிகளுக்கு இதைச் செய்து காட்டி எழுதினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. இந்த மாஸ்க் சிகிச்சைக்கு சிபேப் என்று பெயர். முதல் பத்து நாள் சிரமம்தான். மூக்கு உலரும், மாஸ்க் நழுவும், "கழற்றி எறிஞ்சிடலாமா" என்று தோன்றும். மாஸ்க் அளவை மாற்றுவதும் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்ப் பெட்டியைச் சேர்ப்பதும் பெரும்பாலும் தீர்த்துவிடும். கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம், மாஸ்கில் காற்றுத் துளைகள் உண்டு.

ஆயுசுக்குமா என்றால், பலருக்கு நீண்ட காலத்துக்கு வேண்டியிருக்கும். மறைக்க விரும்பவில்லை. ஆனால் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மணிக்கு எத்தனை தடவை மூச்சு அடைபடுகிறது என்ற எண்ணிக்கை சுமார் கால் பங்கு குறைவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இவருக்கு அது எட்டு கிலோ. லேசான நிலை என்றால் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் பல்செட் மாதிரியான கருவி ஒன்று இருக்கிறது. மல்லாந்தால் மட்டும் வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைப்பதே பாதி மருந்து. இதில் எது இவருக்கு என்பது டெஸ்ட் வந்த பிறகுதான் தெரியும்.

டெஸ்ட் அன்று செய்ய வேண்டியது அதிகம் இல்லை. காலையில் ஷாம்பூவோ சீயக்காயோ போட்டுத் தலை குளிக்கட்டும். அதற்குப் பிறகு எண்ணெய் மட்டும் கூடாது. நம் ஊர் தேங்காய் எண்ணெய்த் தலையில் பசை ஒட்டவே ஒட்டாது, நடுராத்திரியில் ஒயர் கழன்று டெக்னீஷியன் வந்து எழுப்ப வேண்டியிருக்கும். முகம் மழித்துக்கொள்ளட்டும். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். பகலில் தூங்க வேண்டாம். மது கூடவே கூடாது, அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். பிபி மாத்திரையை வழக்கம்போலப் போடட்டும். தூக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கட்டும் லுங்கி, பட்டன் வைத்த சட்டை, அவருடைய சொந்தத் தலையணை கொண்டு போகட்டும். தலையணை சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் புது இடத்தில் தூக்கம் வருவதற்கு அது நிறைய உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் தேதிக்குள் ஒரு ராத்திரி, அவர் தூங்கும்போது மொபைலில் இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். சத்தம் நிற்பதும் மார்பு ஏறி இறங்குவதும் தெரியட்டும். டாக்டருக்கு அது உதவும். காலையில் அவரிடமும் போட்டுக் காட்டுங்கள், சண்டை போடாமல் வெறுமனே காட்டுங்கள். வரமாட்டேன் என்று நின்ற பலர் என் அறைக்கு வந்தது மனைவியோ மகளோ எடுத்த அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான். தன் தூக்கத்தை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. டெஸ்ட் வரைக்கும் அவர் ஒருக்களித்துப் படுக்கட்டும், தலைப்பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கூட இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சில இடங்களில் பக்கத்து அறையில் இருக்க விடுவார்கள், கேட்டால் சொல்வார்கள். ஆனால் எட்டரை மணிக்கு அவரை விட்டுவிட்டு, ஒயர் மாட்டி முடிக்கும்வரை கூட உட்கார்ந்திருந்துவிட்டு, நீங்கள் வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இரண்டு வருடமாக ராத்திரி ராத்திரி எண்ணிக்கொண்டே விழித்திருக்கிறீர்கள். அன்றைக்கு எண்ணுவதற்கு விடியும்வரை வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் படுத்துத் தூங்குங்கள்.